கல்யாண ஆல்பமும் கம்பெனி ஆல்பமும்

வெளியூர் நண்பர்கள்கிட்ட ஓசூர்னு சொன்னா, "பெங்களூர் போற வழியில பஸ் நிக்குமே, அந்த ஊர்தானே?"ம்பாங்க. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன்னு மூணு பேரைச் சொல்லிட்டு நிறுத்திக்குவாங்க. அந்த மூணு பெரிய பேருக்குப் பின்னாடி, சிப்காட் ரெண்டு ஃபேஸ்லயும், மூக்கண்டப்பள்ளி, பேகேப்பள்ளி சந்துகள்லயும் பத்துப் பேர், இருபது பேர் வேலை பாக்கற பட்டறைங்க எத்தனையோ இருக்கு. ஒரு புஷ், ஒரு பின், ஒரு ஷாஃப்ட்டுன்னு அவங்க செஞ்சு அனுப்பற சாமான்தான் பெரிய வண்டிக்குள்ள போய் உக்காந்துக்கும். பட்டறைக்காரர் பேரு வண்டியில எங்கயும் இருக்காது.

இவங்கள்ல நிறைய பேருக்கு இத்தனை வருஷம் ஃபோட்டோவே தேவைப்பட்டதில்ல. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை போட்டு, பொரி கடலை வெச்சு, எல்லாரும் வரிசையா நின்னு ஒரு குரூப் ஃபோட்டோ. அவ்ளோதான். ஆர்டரெல்லாம் தெரிஞ்சவங்க மூலமா தானா வந்துடும்.

இப்ப நிலைமை வேற. டி.வி.எஸ். ஐக்யூப், ஏத்தர்னு பேட்டரி ஸ்கூட்டரும் இதே ஓசூர்லதான் தயாராகுது. பேட்டரி வண்டியில பிஸ்டன் இல்ல, வால்வு இல்ல, கிளட்ச் இல்ல. என்ஜின் பாகத்தை மட்டுமே நம்பியிருக்கற பட்டறைக்காரர் புதுசா கஸ்டமர் தேடியாகணும். அந்தப் புது கஸ்டமர் கோயம்புத்தூர்ல இருப்பார், புனேல இருப்பார், ஜெர்மனில கூட இருப்பார். போன் பண்ணினா அவர் முதல்ல சொல்றது ஒரே வார்த்தைதான்: "கம்பெனி ப்ரொஃபைல் அனுப்புங்க." அந்த ப்ரொஃபைலுக்கு ஃபோட்டோ வேணும். யாரைக் கூப்பிடறது, என்ன எடுக்கச் சொல்றது?

எனக்கு இதுல கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் ஒரு கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். சப்ளையர் பட்டறைகளுக்கு ஆடிட் போறது என் வேலைல ஒரு பாதி. லீவு நாள்ல கேமராவைத் தூக்கிட்டு தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சுத்தறது பொழுதுபோக்கு. அதனால ஃபோட்டோ எடுக்கறவன் கண்ணும் கொஞ்சம் தெரியும், அதைப் பாத்து முடிவு பண்றவன் கண்ணும் கொஞ்சம் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்ங்கறது ஒரு நண்பன் விஷயத்துலதான் சரியாப் புரிஞ்சுது.

*

பாலிடெக்னிக்ல என்கூடப் படிச்சவன். பேரு வேணாம். சொந்தமா பட்டறை வெச்சிருக்கான். நாலு சி.என்.சி., ரெண்டு பழைய லேத், ஒரு மில்லிங், மொத்தம் பதினாலு பேரு. எல்லாம் என்ஜின் பாகம். ஆர்டர் பாதியா குறைஞ்சுடுச்சு. பேங்க் லோன் மட்டும் குறையல. பம்பு செய்யற ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு சப்ளையரா பதிவு பண்ணலாம்னு இறங்கினான். நல்ல ஃபோட்டோ வேணும்னு, தன் தங்கச்சி கல்யாணத்தை எடுத்த ஃபோட்டோகிராஃபரையே கூப்பிட்டுட்டான்.

அந்தத் தம்பி திறமைசாலி. இதை முதல்லயே சொல்லிடறேன். கல்யாண ஆல்பம் நானும் பாத்தேன், பிரமாதம். கம்பெனி ஆல்பமும் அதே மாதிரி பிரமாதமா வந்திருந்தது. அங்கதான் சிக்கலே :-)

முதல் பக்கத்துல என் நண்பன் கையைக் கட்டிக்கிட்டு, பின்னாடி எல்லாம் மங்கலா, சினிமா ஹீரோ மாதிரி நிக்கறான். அடுத்தது ட்ரோன்ல எடுத்த படம், தூரத்துல சந்திரசூடேஸ்வரர் மலை தெரியுது, பட்டறை எங்கேன்னு அம்புக்குறி போட்டாதான் தெரியும். சி.என்.சி. மெஷின் மேல ஒரு பக்கம் ஊதா லைட்டு, இன்னொரு பக்கம் ஆரஞ்சு லைட்டு, ரிசப்ஷன் மேடை கணக்கா. எட்டாம் பக்கத்துல, பழைய லேத் முன்னாடி ஆபரேட்டர் புது யூனிஃபார்ம்ல, கைல பளிச்னு வெள்ளை கிளவுஸ் போட்டுக்கிட்டு, சக் பக்கத்துல கையை வெச்சு சிரிச்சுட்டு நிக்கறார். கிளவுஸ் அந்தத் தம்பியே வாங்கிட்டு வந்தது. க்ளீனா இருக்கும்ல, அதுக்கு.

ப்ரொஃபைல் போய் ரெண்டு வாரத்துல அந்தக் கம்பெனியோட வெண்டர் டெவலப்மெண்ட்ல இருந்து போன். ரொம்ப மரியாதையா மூணே மூணு கேள்வி கேட்டாராம்.

"எட்டாம் பக்கத்துல ஆபரேட்டர் கிளவுஸ் போட்டு லேத்துல நிக்கறாரே, உங்ககிட்ட வேலை அப்படித்தான் நடக்குதா?"

"அளவு பாக்க என்னென்ன வெச்சிருக்கீங்க? ஒரு படத்துலயும் காணோமே?"

"பன்னெண்டாம் பக்கத்துல போர்டுல ஒட்டியிருக்கற ட்ராயிங் யாரோடது? பெரிசு பண்ணினா பார்ட் நம்பரே படிக்க முடியுதே?"

நண்பன் சாயங்காலம் என்கிட்ட வந்து, "மச்சி, அம்பது படம் கொடுத்தேன்டா, அதுல ஒரு கிளவுஸையா பாப்பான்?"னான். நானா இருந்தாலும் அதைத்தான்டா பாத்திருப்பேன்னு சொன்னேன்.

லேத் பத்தித் தெரியாதவங்களுக்காக: சுத்தற சக், சுத்தற ட்ரில் பக்கத்துல கிளவுஸ் போடவே கூடாது. ஒரு நூல் மாட்டினா போதும், கிளவுஸோட சேத்து கையையும் உள்ள இழுத்துடும். வெறும் கைன்னா தோல் கிழிஞ்சு தப்பிக்க வாய்ப்பிருக்கு. கிளவுஸ்ல அதுவும் கிடையாது. 2025 வரைக்கும் நடைமுறைல இருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே ஓடற மெஷின்ல ஆயில் போடற, பெல்ட் மாத்தற மாதிரி வேலைக்கு உடம்போட ஒட்டின துணி போட்ட, பயிற்சி உள்ள ஆள்தான் போகணும்னு சொல்லியிருந்தது. பட்டறைல வளந்த எவனுக்கும் முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் இது. நிஜத்துல அந்த ஆபரேட்டர் ஒருநாளும் கிளவுஸ் போட்டதில்ல. ஃபோட்டோவுக்காகப் போட்டார். அழகுக்காகப் போட்ட ஒரு ஜோடி கிளவுஸ், "இந்தப் பட்டறைக்கு அடிப்படையே தெரியாது"ன்னு சாட்சி சொல்லிடுச்சு.

மூணாவது கேள்வி அதைவிட மோசம். அந்த ட்ராயிங் பழைய கஸ்டமரோடது. இவன் ட்ராயிங்கையே இப்படி வெளில விட்டவன், நாளைக்கு நம்ம ட்ராயிங்கையும் விடுவான்னுதானே அவர் நினைப்பார்?

*

அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட சொன்னதுதான் இந்தப் பதிவோட மொத்த விஷயமும். ஃபோட்டோகிராஃபரைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ரெண்டு வரி எழுதணும். இந்தப் படத்தைப் பாக்கப் போறது யாரு? பாக்கும்போது அவர் மனசுல என்ன சந்தேகம் இருக்கும்? அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ற படம்தான் நமக்கு வேண்டிய படம். மத்ததெல்லாம் ஆல்பத்துக்கு.

கல்யாண ஆல்பத்தைப் பாக்கறவங்களுக்கு சந்தேகமே கிடையாது. கல்யாணம் நடந்துடுச்சு, சாப்பாடும் சாப்பிட்டாச்சு. அவங்களுக்கு வேண்டியது சந்தோஷம். கம்பெனி ஃபோட்டோவைப் பாக்கறவர் பணம் கொடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு உக்காந்திருக்கார். அவருக்கு வேண்டியது தகவல்.

இதுக்கு உதாரணம் தேடி எங்கயும் போக வேணாம், நம்ம ஊர்லயே இருக்கு. 1984ல டாடா குழுமமும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் டைட்டன். ஃபேக்டரி ஓசூர்ல. அதுவரைக்கும் வாட்ச்னா எச்.எம்.டி., வாழ்க்கைக்கு ஒண்ணு, சாவி கொடுத்து ஓட்டணும். புதுசா வந்த கம்பெனி, புது குவார்ட்ஸ் வாட்ச். வாங்கறவனுக்கு என்ன சந்தேகம் இருக்கும்? என்னென்ன மாடல் இருக்கு, பாக்க எப்படி இருக்கும், என் பட்ஜெட்டுக்குள்ள வருமா? டைட்டனோட ஆரம்பகால பத்திரிகை விளம்பரங்கள் இதுக்குத்தான் பதில் சொல்லுச்சு. கேட்லாக் மாதிரி மாடல் மாடலா வாட்ச் படம், பக்கத்துலயே விலை. ஃபேக்டரி கட்டடத்தைப் போட்டு பெருமையடிக்கல. மொசார்ட் இசையோட வந்த டி.வி. விளம்பரம் மனசைத் தொட்டுச்சு. பேப்பர்ல வந்த படங்கள் விவரம் சொல்லுச்சு. ஒரே கம்பெனிதான், இடத்துக்குத் தகுந்த மாதிரி படம் வேற வேற.

வாட்ச் விளம்பரத்துல பெரும்பாலும் மணி பத்து பத்துலயே நிக்கறதைக் கவனிச்சிருப்பீங்க. அதைப் பத்தி ஏகப்பட்ட கட்டுக்கதை சுத்துது. காரணம் ரொம்ப சாதாரணம். அந்த நிலையில ரெண்டு முள்ளும் இடமும் வலமும் சமமா விரிஞ்சு நிக்கும், பன்னெண்டுக்குக் கீழ இருக்கற கம்பெனி பேரு மறையாது, மூணு மணி இடத்துல இருக்கற தேதிக் கட்டமும் தெரியும். முள்ளு எங்க நிக்கணும்ங்கற வரைக்கும் பாக்கறவன் கண்ணை வெச்சு முடிவு பண்ணியிருக்காங்க.

*

சரி, என்னென்ன வகைப் படம் இருக்கு, எது யாருக்கு? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

1. சாமான் படம். வெள்ளைப் பின்னணில பொருள் மட்டும். மெஷின் பண்ணின ஸ்டீல் பாகத்தை எடுக்கறது நகையை எடுக்கற மாதிரிதான். பளபளப்பா இருக்கறது எல்லாம் கண்ணாடி, எதிர்ல நிக்கற ஃபோட்டோகிராஃபர் சட்டை கலர் வரைக்கும் அதுல தெரியும். நேரா ஃப்ளாஷ் அடிச்சா ஒரு இடம் வெள்ளையா எரிஞ்சு, மத்த இடம் கறுத்துப் போகும். மெல்லிசான வெள்ளைத் துணி வழியா லைட்டை அனுப்பி, ஓரத்துல கறுப்பு அட்டை வெச்சா, பாகத்தோட விளிம்பு கோடு போட்ட மாதிரி வரும். எடுக்கறதுக்கு முன்னாடி கைரேகையைத் துடைக்கணும். அளவு தெரிய பக்கத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேல் வெச்சு ஒரு படமாவது எடுக்கணும், இல்லேன்னா பின்னா தூணான்னே தெரியாது. இந்த வேலைக்குப் பழக்கம் உள்ள ஆள் நகைக்கடைக்கு எடுக்கறவங்கள்ல கிடைப்பாங்க.

2. பட்டறைப் படம். நான் ஆடிட்டுக்குப் போனா என்ன பாப்பேனோ, அதையே தூரத்துல இருக்கறவருக்குக் காட்டற படம். மெஷின் எத்தனை, எப்படி வரிசையா இருக்கு, தரையில மஞ்சள் கோடு இருக்கா, நல்ல சாமானும் ரிஜெக்ட் சாமானும் தனித்தனி பின்ல இருக்கா. ரிஜெக்டுக்கு வெச்ச சிவப்பு பின் ஒரு ஓரமா படத்துல தெரிஞ்சா, எனக்கு அந்தப் பட்டறை மேல மரியாதை கூடும். அதை அசிங்கம்னு நகத்தி வெக்கற ஃபோட்டோகிராஃபர்தான் அதிகம்.

இதுல ஒரு டெக்னிக்கல் விஷயம். நம்ம கரண்டு ஐம்பது ஹெர்ட்ஸ். பட்டறை ட்யூப் லைட்டும், விலை குறைஞ்ச எல்.இ.டி.யும் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கன்னாபின்னான்னு ஏத்தினா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். நூத்துல ஒரு நொடி, ஐம்பதுல ஒரு நொடின்னு வெச்சா விழாது. கல்யாண மண்டபத்துல சொந்த லைட்டு போட்டே பழகினவங்களுக்கு இது சட்டுனு பிடிபடாது.

3. அளவு பாக்கற படம். நண்பன் ஆல்பத்துல இல்லாமப் போனது இதுதான். மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர், எது இருக்கோ அது. கேலிபரேஷன் ஸ்டிக்கர் தெரியற மாதிரி. "இவன் செய்வான்"னு மெஷின் படம் சொல்லும். "செஞ்சதைச் சரி பாப்பான்"னு சொல்றது இந்தப் படம்தான்.

4. வேலை நடக்கற படம். ஆள், கை, மெஷின், மூணும் ஒண்ணா இயங்கற நேரம். நம்ம நாட்டுல இதை ஒரு கலையாவே ஆக்கினவர் பம்பாய்ல இருந்த மித்தர் பேடி. 1926ல பிறந்து 1985ல மறைஞ்சவர். சுதந்திரத்துக்கு அப்புறம் எழும்பின ஆலைகள், சுத்திகரிப்பு நிலையங்கள்னு இந்தியத் தொழில்துறையைக் கறுப்பு வெள்ளையில எடுத்தார். அவர் படங்களைத் தேடிப் பாருங்க. குழாயும் புகைபோக்கியும் கோயில் கோபுரம் மாதிரி நிக்கும். நம்ம பதினாலு பேர் பட்டறைக்கு அவ்ளோ பெரிய கலை வேணாம்தான். ஆனா ஒண்ணு கத்துக்கலாம். வேலையை வேலையாவே எடுக்கணும், நடிக்க வெக்கக்கூடாது. சுத்தற சக்கை ரொம்ப வேகமான ஷட்டர்ல எடுத்தா நின்னு போன மெஷின் மாதிரி இருக்கும். ஸ்டாண்டு போட்டு, வேகத்தைக் குறைச்சு எடுத்தா சுத்தறது சுத்தற மாதிரியே வரும்.

5. ஆளோட படம், கட்டடத்தோட படம். முதலாளி முகம் ஒண்ணு வேணும், ஆனா பாஸ்போர்ட் ஃபோட்டோ வேணாம், ஹீரோ ஃபோட்டோவும் வேணாம். கட்டடத்தை சாயங்காலம் சூரியன் விழுந்து பத்து இருபது நிமிஷத்துக்குள்ள, உள்ள லைட்டு எரியும்போது எடுத்தா சாதாரண ஷெட்டு கூட லட்சணமா தெரியும். ட்ரோன் பெரிய வளாகம் இருக்கறவங்களுக்கு சரி. பறக்க விடறதுக்கு முன்னாடி 2021 ட்ரோன் விதிகள்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல நம்ம இடம் எந்த மண்டலத்துல வருதுன்னு பாக்கணும். பேளகொண்டப்பள்ளில விமான ஓடுதளம் இருக்கற ஊரு இது, மறந்துடாதீங்க.

இதையெல்லாம் விட்டுட்டு, இணையத்துல கிடைக்கற படத்தை எடுத்துப் போடறவங்களும் உண்டு. மஞ்சள் ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் ரெண்டு பேர் லேப்டாப்பைப் பாத்து சிரிப்பாங்களே, அவங்க நம்ம சிப்காட்ல எத்தனை கம்பெனில வேலை பாக்கறாங்கன்னு கணக்கே இல்ல :-) இப்ப ஏ.ஐ. வேற வந்துடுச்சு. போன மாசம் ஒரு ப்ரொஃபைல் வந்தது. சக்குக்கு ஜா கண்டபடி முளைச்சிருந்தது, டூல் எங்க புடிச்சிருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். மெஷின் தெரிஞ்சவனுக்கு மெஷின் பத்திப் பொய் சொன்னா, அடுத்த பக்கத்தை அவன் புரட்டவே மாட்டான்.

*

பட்டறையை விட்டு வெளில வந்தா பதில் மாறும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் பாகலூர்ப் பக்கம் பாலிஹவுஸ்ல ரோஜா போட்டிருக்கார். ஓசூர் ரோஜா, அதுலயும் தாஜ்மஹால் ரகம், பிப்ரவரி 14க்கு எங்கெங்கயோ ஏற்றுமதியாகும்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அவரும் "நல்ல ஃபோட்டோகிராஃபர் இருந்தா சொல்லு மாப்ள"ன்னார். தினமும் யாருக்கு மாமா படம் அனுப்பறீங்கன்னு கேட்டேன். வாட்ஸப்ல வியாபாரிக்கு. அவர் என்ன கேப்பார்? காம்பு எத்தனை சென்டிமீட்டர், மொட்டு எவ்ளோ விரிஞ்சிருக்கு, இலைல நோய் இருக்கா. இதுக்கு எதுக்கு ஃபோட்டோகிராஃபர்?

ஒரு வெள்ளை அட்டைல சென்டிமீட்டர் கோடு போட்டு, நிழலான இடத்துல சுவத்துல மாட்டச் சொன்னேன். தினமும் அதே இடம், அதே நேரம், அதே போன். ஒரே ஒரு எச்சரிக்கை: போன் கேமரா அடர் சிவப்பை எரிச்சு, இதழ் மடிப்பே தெரியாத சிவப்பு உருண்டையா ஆக்கிடும். திரையில பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இழுத்தா மடிப்பு தெரியும். செலவு அட்டைக் காசு மட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல ஆளைக் கூப்பிட்டு தோட்டத்தையும் பேக்கிங்கையும் எடுத்து வெச்சுக்கலாம், அது போதும்.

தெருவுல ஒரு அக்கா ராகி முறுக்கு போடறாங்க. கிருஷ்ணகிரி மாவட்டத்துல ராகிக்கா பஞ்சம்? அமேசான்ல விக்கணும்னு ஆசை. அங்க முதல் படத்துக்கு விதியே இருக்கு: பின்னணி சுத்த வெள்ளை, பொருள் படத்துல எண்பத்தஞ்சு சதவீதமாவது நிறைஞ்சிருக்கணும், மேல எழுத்து எதுவும் ஒட்டக்கூடாது. வாழை இலை, பித்தளைத் தட்டு, பக்கத்துல மல்லிப்பூன்னு அலங்காரம் பண்ணி எடுத்த படம் முதல் இடத்துக்குச் செல்லாது. ரெண்டாவது மூணாவதா போட்டுக்கலாம். கட்டாயம் ஒரு படம் பாக்கெட்டோட பின்பக்கம் இருக்கணும், சேர்த்திருக்கற பொருளும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதினாலு இலக்க எண்ணும் படிக்கற மாதிரி. முகம் தெரியாத ஆள்கிட்ட தின்பண்டம் வாங்கறவனுக்கு முதல் சந்தேகம் ருசி பத்தி இருக்காது, சுத்தம் பத்தித்தான் இருக்கும். இந்த அக்காவுக்கு வேண்டியது அரை நாள் சாமான் படம் எடுக்கற ஆள். கல்யாணக்காரரும் வேணாம், பட்டறை எடுக்கறவரும் வேணாம்.

*

ஆள் முடிவானதும் பேச வேண்டிய விஷயம் சிலது இருக்கு. "எவ்ளோண்ணா ஆகும்?"னு மட்டும் கேட்டுட்டு போனை வெச்சுடாதீங்க.

அவர் இதுக்கு முன்னாடி எடுத்த இதே வகைப் படம் பத்து காட்டச் சொல்லுங்க. கல்யாணப் படம் எவ்ளோ நல்லா இருந்தாலும் ஸ்டீல் பாகம் எடுக்க வருமான்னு அது சொல்லாது.

எடுக்க வேண்டிய படங்களோட பட்டியலை நீங்களே எழுதிக் கொடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல யார் பாக்கப் போறாங்கன்னு எழுதுங்க. மெஷின் ஓடற நாள்ல வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எடுத்த பட்டறை, ஆள் குடிபோன வீடு மாதிரி இருக்கும்.

கஸ்டமர் ட்ராயிங், பார்ட் நம்பர், வேற கம்பெனி லோகோ எல்லாத்தையும் முதல் நாளே எடுத்து வெச்சுடுங்க. கஸ்டமரோட பாகத்தை எடுக்கணும்னா அவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க.

படம் யாருக்குச் சொந்தம்? நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. நம்ம 1957ஆம் வருஷ பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஃபோட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அந்த "வேற ஒப்பந்தம்" கொட்டேஷன் தாள்ல கீழ பொடி எழுத்துல இருந்தாலும் இருக்கும், படிச்சுப் பாருங்க. அவர் தன்னோட விளம்பரத்துக்கு நம்ம பட்டறைப் படத்தைப் போடலாமா கூடாதாங்கறதையும் அப்பவே பேசிடணும்.

அச்சுக்குத் தனி, இணையத்துக்குத் தனின்னு ரெண்டு சைஸ் கேளுங்க. ஏ4 பக்கம் முழுக்க நல்லா அச்சாகணும்னா சுமாரா 2480க்கு 3508 பிக்ஸல் வேணும். வாட்ஸப்ல வந்து சுருங்கின படத்தை பிரஸ்ல கொடுத்தா அவர் தலைல அடிச்சுக்குவார்.

*

நண்பன் கதைக்கு வரேன். ரெண்டாவது தடவை ஆலைப் படம் மட்டுமே எடுக்கற ஒரு பெரியவரைப் பிடிச்சோம். அரை நாள், பதினெட்டு படம். அவர் வந்ததும் கேமராவை வெளிலயே எடுக்கல. முதல் ஒரு மணி நேரம் சும்மா சுத்திப் பாத்தார். "இந்த மெஷின் என்ன பண்ணுது? இவர் ஏன் இங்க நிக்கறார்?"னு கேட்டுட்டே இருந்தார். அப்புறம்தான் ஸ்டாண்டைப் பிரிச்சார். யாரையும் சிரிக்கச் சொல்லல.

கிளவுஸ் மாட்டிக்கிட்டு நின்ன அதே ஆபரேட்டர் ஒடிசாக்காரர். இந்தத் தடவை அவர்கிட்ட முதல்லயே கேட்டோம், படத்துல வர சம்மதமா, இது வெளியூர்க் கம்பெனிக்கெல்லாம் போகும்னு. சரின்னார். கண்ணாடி போட்டு, வெறுங்கையோட, மைக்ரோமீட்டரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி அளவு படிக்கற நேரத்துல ஒரு படம் விழுந்துச்சு. நெத்தில லேசா ஒரு சுருக்கம். பட்டியல்ல இருந்த படங்கள்லயே அதுதான் நல்ல படம்.

வேலை முடிஞ்சு மூட்டை கட்டும்போது அவர் தயங்கித் தயங்கி வந்து, "சார், அந்த ஃபோட்டோ எனக்கு ஒண்ணு அனுப்பறீங்களா? வீட்டுக்கு"ன்னார். இங்க வந்து ஆறு வருஷமாச்சாம். பஸ் ஸ்டாண்டு முன்னாடி நின்ன படம், மலைக் கோயில்ல எடுத்த செல்ஃபின்னு நிறைய அனுப்பியிருக்கார். வேலை பாக்கற மாதிரி ஒரு படம் கூட அனுப்பினதில்லையாம். "அப்பா கேட்டுட்டே இருப்பார் சார், அங்க என்னதான் பண்றேன்னு."

அப்பதான் எனக்கு உறைச்சுது. நாங்க எழுதின பட்டியல்ல, பாக்கப் போறவங்கங்கற இடத்துல வெண்டர் டெவலப்மெண்ட், பர்ச்சேஸ்னுதான் இருந்தது. ஒடிசாவுல ஒரு கிராமத்துல உக்காந்து பாக்கப் போற ஒரு அப்பாவும் இருக்கார். அவரோட சந்தேகத்துக்கும் அதே படம் பதில் சொல்லிடுச்சு. பெரியவர் அன்னைக்கு ராத்திரியே அனுப்பிட்டார். நண்பன் மத்த பதிமூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்தான்.

பம்பு கம்பெனி என்னாச்சுன்னு கேப்பீங்க. ஆடிட்டுக்கு வந்தாங்க. பதினோரு குறை எழுதிட்டுப் போனாங்க. சரி பண்ணினதும் ஒரே ஒரு ஷாஃப்ட்டுக்கு ட்ரையல் ஆர்டர் வந்திருக்கு. லோன் அடையற அளவுக்கு இல்ல. ஆனா பதினாலு பேர்ல யாரையும் இன்னும் நிறுத்தல. ஃபோட்டோவாலதான் ஆர்டர் வந்துச்சுன்னு நான் சொல்ல வரல. பழைய ஆல்பத்தை வெச்சு அவங்க வந்திருக்கவே மாட்டாங்க, அது நிச்சயம்.

உங்க ஊர்ல, உங்க தொழில்ல எப்படி? திருப்பூர் பனியன்காரங்க, சிவகாசிக்காரங்க, கரூர் நண்பர்கள் யாராவது படிச்சா, உங்க கஸ்டமர் படத்துல முதல்ல எதைப் பாப்பார்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்க ஆசை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் யாரும் சண்டைக்கு வர வேணாம். அந்தத் தம்பியை அடுத்த மாசம் எங்க வீட்டு விசேஷத்துக்கு நான்தான் புக் பண்ணியிருக்கேன் :-)